வெல்டுக்கு யார் மார்க் போடுறது?

கம்ப்ரசர் டேங்க் மாதிரி அழுத்தம் தாங்குற கலன்களை டிசைன் பண்ணும்போது, கணக்குல ‘ஈ’ன்னு ஒரு எண் வரும். வெல்ட் ஜாயின்ட் எஃபிஷியன்சி. வெல்டோட பலத்தை அளந்து சொல்ற எண்ணுன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். ஆனா, ஜாயின்ட் வகை ஒண்ணுதான்னா, அதை நாம எவ்வளவு சோதிச்சோம்ங்கிறதுதான் இந்த எண்ணை முடிவு பண்ணுது.

அமெரிக்காவோட ஏ.எஸ்.எம்.இ. செக்‌ஷன் 8, டிவிஷன் 1 விதிப்படி, ரெண்டு பக்கமும் வெல்ட் பண்ணின பட் ஜாயின்ட்டை முழுக்க எக்ஸ்ரே எடுத்தா ஈ = 1. அங்கங்க மட்டும் எடுத்தா 0.85. எடுக்கவே இல்லைன்னா 0.70.

உள் ஆரம் 1 மீட்டர், அழுத்தம் 1 மெகாபாஸ்கல், தகடு தாங்கலாம்னு அனுமதிச்ச தகைவு 138 மெகாபாஸ்கல்னு வச்சுக்கோங்க. அந்த உருளைக்குத் தேவையான தடிமன் முறையே சுமார் 7.3, 8.6, 10.4 மில்லிமீட்டர். துருவுக்கு விடுறது தனி.

அதே வெல்டர், அதே ராடு. உள்ளே பார்க்காததுக்கு அபராதம் 3 மில்லிமீட்டர் எஃகு!

டெஸ்ட் எழுதாத கோடை ரிலீஸ் பண்ணிட்டு ராத்திரி முழுக்க பயந்தவங்களுக்கு இது புரியும். எக்ஸ்ரே எடுக்காமலே 1 போட்டா ஸ்பிரெட்ஷீட் எந்த எரரும் காட்டாது. மெல்லிசான தகடுதான் வந்து சேரும். அதனால கணக்குல 1-ஐப் பார்த்தா ஒரே கேள்வி கேளுங்க: எக்ஸ்ரே ஃபிலிம் எங்கே?