உடலோடு ஒரு கணினி – 7: இடுப்பில் இடம் இல்லை

மாண்ட்ரியலில் வீடுகளின் பின்புறம் ஒரு சந்து ஓடும். பிரெஞ்சில் ‘ருயெல்’ என்பார்கள். தொலைபேசிக் கம்பங்கள் பலவும் அங்கேதான் நிற்கின்றன. ஒரு ஜனவரிக் காலையில், சமையலறைச் சன்னலில் படிந்த பனியைத் துடைத்துத் துடைத்து, அப்படியொரு கம்பத்தில் நின்ற லைன்மேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மைனஸ் 15 டிகிரி. வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். மெல்லிய வயர் இரண்டை முறுக்கினார். விரல்களை ஊதிச் சூடாக்கிக்கொண்டு மறுபடி கையுறைக்குள் நுழைத்தார். கால் மணி நேரத்தில் ஆறு தடவை இப்படி. இடுப்பைச் சுற்றிப் பாதுகாப்பு பெல்ட். அதில் கட்டிங் பிளேயர், டேப், சோதனைத் தொலைபேசி, வயர்ச் சுருள். இன்னொரு பொருள் சொருக இடமே இல்லை.

அணிகணினி, அதாவது உடலில் அணிந்துகொள்ளும் கணினி, போய் உட்கார வேண்டிய இடமும் அந்த இடுப்புதான். 1880-இல் மாண்ட்ரியலில் தொடங்கிய பெல் கனடா, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்க நிறுவனமான சைபர்நாட்டின் அணிகணினிகளைத் தன் களப் பணியாளர்களிடம் கொடுத்துப் பார்த்தது. பெட்டி இடுப்பிலோ மேல்சட்டையிலோ இருக்கும். திரை கண்ணுக்கு முன்னாலோ கையிலோ. ஒவ்வொரு விவரத்துக்கும் வண்டிவரை இறங்கி வர வேண்டியதில்லை. நல்ல நோக்கம்தான்.

ஆனால் கம்பத்தின் மேல் நிற்பவரின் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். தடித்த கையுறைக்குள் இருக்கும் விரலுக்குத் திரையின் சின்னப் பொத்தான் அகப்படாது. ஏணிப்படியின் ஆழத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டும். ஒரு கண்ணைத் திரை மறைத்தால் கால் தடுமாறும். வாயால் கட்டளையிடலாம் என்றால் காற்று இரைகிறது. அதோடு, பிரெஞ்சில் வேலை செய்யும் உரிமையை 1977-லேயே சட்டமாக்கிய கியூபெக் மாநிலம் இது. கியூபெக் உச்சரிப்பு புரியாத கருவிக்கு இங்கே என்ன வேலை?

இதையெல்லாம் முதலிலேயே யோசித்தவர்கள் இருந்தார்கள். பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேனியல் சீவியோரெக், ஆசிம் ஸ்மைலாகிக் குழு 1990-களின் நடுவில் ‘வூமேன் 3’ என்ற கருவியைச் செய்தது. அமெரிக்க மரைன் படையின் நீர்நில ஊர்திகளைப் பரிசோதிக்கும் மெக்கானிக்குகளுக்கானது அது. சரிபார்க்க வேண்டியவை சுமார் 600; பட்டியல் 50 பக்கம். அதுவரை தாளில் குறித்ததை அப்புறம் கணினியில் ஏற்ற வேண்டியிருந்தது. குழு விசைப்பலகையையே தூக்கி எறிந்தது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி ஒரே ஒரு பெரிய திருகு, கையுறையோடு திருப்பலாம். மூன்று பொத்தான், மூன்றும் ஒரே வேலை செய்யும். இடக்கைக்காரரும் தடுமாற வேண்டாம். பரிசோதனைக்கும் பதிவுக்கும் சேர்த்து ஆன நேரத்தில் 70 சதவீதம் வரை மிச்சமானது. அந்தத் திருகை நான் பெரிய கண்டுபிடிப்பாகவே கருதுகிறேன்.

வேலை செய்பவரின் பக்கமிருந்து யோசிக்கும் இந்தப் பார்வை மாண்ட்ரியலுக்குப் புதிதல்ல. கியூபெக் பல்கலைக்கழகத்தின் மாண்ட்ரியல் வளாகத்தில் கேரன் மெஸ்ஸிங் போன்ற பணிச்சூழலியல் அறிஞர்கள், மருத்துவமனையைத் துப்புரவு செய்பவர்களின் கூடவே நடந்து அவர்கள் வேலையைக் கவனித்தவர்கள். உத்தரவுத் தாளில் இருக்கும் வேலை ஒன்று, கை செய்யும் வேலை இன்னொன்று என்பது அவர்களுடைய பாலபாடம். அணிகணினி செய்கிறவர்கள் இவர்களிடம்தான் முதலில் போய் உட்கார வேண்டும்.

மின்வாரியத்திலோ தொலைபேசித் துறையிலோ கம்பம் ஏறும் வாசகர்களே, உங்கள் பெல்ட்டில் எதை எங்கே சொருகுகிறீர்கள், எந்தக் கை எப்போது ஓய்வாக இருக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தக் கடிதங்களிலிருந்தே தொடங்குகிறேன்.