உலாவி மேம்பாட்டுக் கருவிகள்

உலாவி மேம்பாட்டுக் கருவிகள் என்பவை, ஒரு வலைப்பக்கம் எவ்வாறு கட்டப்பட்டுள்ளது என்பதை உலாவிக்குள்ளேயே ஆராய்வதற்கும், அதிலுள்ள வழுக்களைக் கண்டறிந்து நீக்குவதற்கும் பயன்படும் மென்பொருட் கருவிகள் ஆகும். தொடக்கத்தில் இவை தனி நீட்சிகளாக இருந்தன. இன்று ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ், சஃபாரி ஆகிய மேசைக்கணினி உலாவிகள் அனைத்திலும் இவை உள்ளிணைக்கப்பட்டே வருகின்றன. விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் பொதுவாக எஃப்12 விசையை அழுத்தி இவற்றைத் திறக்கலாம். தமிழ்ப் பக்கங்களில் எழுத்துகள் சிதைவதற்கும், தேடலில் சொற்கள் அகப்படாமல் போவதற்கும் காரணம் காண இக்கருவிகள் பெரிதும் உதவுகின்றன.

வரலாறு

தொடக்க காலத்தில் வலைப்பக்கத்தைச் சோதிக்க இரு வழிகளே பரவலாக இருந்தன. ஒன்று, பக்கத்தின் மூலத்தைத் திறந்து வாசிப்பது. மற்றொன்று, நிரலின் இடையிடையே எச்சரிக்கைப் பெட்டிகளைத் தோன்றச் செய்து மாறிகளின் மதிப்பை அறிவது. மொசில்லா உலாவியில் இருந்த டாம் ஆய்வி, பக்கத்தின் உறுப்புகளை மரவடிவில் காட்டியது. 2003 இல் கிரிஸ் பெடரிக் வெளியிட்ட 'வெப் டெவலப்பர்' நீட்சி, பக்கத்தின் பாணிகளையும் படங்களையும் தனித்தனியே முடக்கிப் பார்க்க உதவியது.

இத்துறையில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது ஃபயர்பக் ஆகும். டாம் ஆய்வியை உருவாக்கிய ஜோ ஹெவிட் என்பவரே இதனையும் உருவாக்கி, 2006 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியாக வெளியிட்டார். 2007 இல் வெளிவந்த 1.0 பதிப்பு திறமூல மென்பொருளாக அமைந்தது. பக்கத்தின் உறுப்பு ஒன்றைச் சொடுக்கினால் அதன் குறியீடும் பாணியும் அருகருகே தோன்றுவதும், அவற்றை அங்கேயே திருத்தி உடனே விளைவைக் காண்பதும் இதனால் எளிதாயின.

வெப்கிட் திட்டமும் 2006 ஜனவரியில் தனது ஆய்வியை அறிமுகப்படுத்தியது. 2008 செப்டெம்பரில் வெளிவந்த குரோம் அதனையே அடிப்படையாகக் கொண்டது. ஓப்பரா 2008 இல் டிராகன்ஃபிளை என்னும் கருவியை வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் 2009 இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 உடன் இத்தகைய கருவிகளை இணைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2011 முதல் தனது சொந்தக் கருவிகளைப் படிப்படியாகச் சேர்த்தது. 2017 நவம்பரில் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 57, பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டதோடு ஃபயர்பக்கின் காலம் முடிவுற்றது. எனினும் அது வகுத்த முறைகளைப் பின்வந்த கருவிகளில் காணலாம்.

முதன்மைப் பகுதிகள்

ஆய்வி: பக்கத்தின் உறுப்புகளை மரவடிவில் காட்டும். மூலக்கோப்பில் உள்ளதை அன்றி, உலாவி அதனைப் புரிந்துகொண்டு அமைத்த வடிவத்தையே இது காட்டுகிறது. மூடப்படாத குறிச்சொல் ஒன்றை உலாவி தானாகவே மூடியிருந்தால் அதனையும் இங்கே காணலாம்.

பாணிப் பலகம்: தேர்ந்தெடுத்த உறுப்பிற்குப் பொருந்தும் பாணி விதிகளை வரிசைப்படுத்தும். வேறொரு விதியால் மேலெழுதப்பட்டவை குறுக்குக் கோடிட்டுக் காட்டப்படும். 'நான் எழுதிய நிறம் ஏன் வரவில்லை?' என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் இங்கேயே விடை கிடைக்கும்.

முனையம்: ஜாவாஸ்கிரிப்ட் பிழைச் செய்திகளைக் கோப்புப் பெயர், வரி எண் ஆகியவற்றுடன் காட்டும். கட்டளைகளை உள்ளிட்டு உடனடியாக விடை பெறவும் இயலும்.

வழுநீக்கி: நிரலை விரும்பிய வரியில் நிறுத்தி, அடுத்தடுத்த வரிகளை ஒவ்வொன்றாக இயக்கி, அந்நேரத்தில் மாறிகள் கொண்டுள்ள மதிப்புகளை ஆராய உதவும்.

வலையமைப்புப் பலகம்: பக்கத்திற்காகத் தருவிக்கப்பட்ட ஒவ்வொரு கோப்பின் அளவு, நேரம், வழங்கியின் மறுமொழி எண் ஆகியவற்றைக் காட்டும். 200 வெற்றியையும், 404 கோப்பு இல்லாமையையும், 500 வழங்கியின் உட்பிழையையும் குறிக்கும்.

தமிழ்ப் பக்கங்களும் வழுக்களும்

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தம் எழுத்துருவிற்கேற்ற குறியாக்கத்தைப் பயன்படுத்தின. தகுதரம் எனப்பட்ட டிஸ்கி, 1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப், டேம் ஆகியவையும் வழக்கில் இருந்தன. 2010 இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்16 என்பதையும் தரமாக அறிவித்தது. பழைய முறையில் அமைந்த பக்கம் ஒன்றை ஆய்வியில் திறந்து, எழுத்துருவைக் குறிப்பிடும் பாணி விதியை முடக்கினால், தமிழ் மறைந்து பொருளற்ற இலத்தீன் குறிகள் தோன்றும். அப்பக்கத்தில் இருந்தது தமிழ் எழுத்துரு மட்டுமே. தமிழ் உரை அன்று. தேடுபொறிகளும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருள்களும் அதனைத் தமிழாக அறிய இயலாமைக்கு இதுவே காரணமாகும்.

ஒருங்குறிப் பக்கங்களிலும் வழுக்கள் நேர்வதுண்டு. தமிழுக்கு ஒருங்குறியில் 2944 முதல் 3071 வரையான இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யூடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக அனுப்பப்படுகின்றன. முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. வழங்கி குறியாக்கத்தைத் தவறாக அறிவித்தால், இம்மூன்றும் தனித்தனி இலத்தீன் குறிகளாகத் தோன்றும். மூன்று இடங்களுக்கு ஒருமுறை ஒரே குறி திரும்ப வருவது இவ்வழுவின் அடையாளம் ஆகும். வலையமைப்புப் பலகத்தில் மறுமொழித் தலைப்பைப் பார்த்தால், வழங்கி எந்தக் குறியாக்கத்தை அறிவித்தது என்பதை அறியலாம்.

மற்றொரு சிக்கல் எழுத்துகளை எண்ணுவதில் எழுகிறது. முனையத்தில் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். நாம் மூன்றெழுத்து எனக் கொள்வதை ஒருங்குறி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்தாகப் பதிகிறது. ஒரு படிவத்தில் பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்தால், தமிழ்ப் பெயர்கள் பல பாதியில் துண்டிக்கப்படுவது இதனாலேயே ஆகும். எழுத்துத் தொகுதிகளாகப் பிரிக்கும் வசதி தற்போதைய உலாவிகளில் உள்ளது. அதனைப் பயன்படுத்தினால் மூன்று என்றே விடை கிடைக்கும்.

'கொ' என்னும் எழுத்தை ககரத்துடன் ஒகரக் குறி சேர்த்தும் பதியலாம். எகரக் குறி, கால் ஆகிய இரண்டையும் அடுத்தடுத்துச் சேர்த்தும் பதியலாம். இரண்டும் திரையில் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் முனையத்தில் ஒப்பிட்டால் அவை சமமல்ல என்றே விடை வரும். கண்ணெதிரே இருக்கும் சொல் தேடலில் அகப்படாமைக்கு இது ஒரு காரணம் ஆகும். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவிற்கு மாற்றும் இயல்பாக்கச் சார்பைப் பயன்படுத்தினால் இவ்வழு நீங்கும்.

இவை தவிர, ஆங்கில எழுத்துகளின் உயரத்தைக் கருதி அமைத்த வரி உயரத்தால் புள்ளியோ உகரக் குறியோ வெட்டுப்படலாம்; நீண்ட கூட்டுச்சொற்கள் கைபேசித் திரையை மீறி வெளியே செல்லலாம். கைபேசியின் அளவில் பக்கத்தைக் காட்டும் வசதி இவற்றை முன்கூட்டியே கண்டறிய உதவும்.

கவனிக்க வேண்டியவை

ஆய்வியில் செய்யும் மாற்றம் அந்த உலாவியில் மட்டுமே தோன்றும். வழங்கியில் உள்ள கோப்பை அது மாற்றாது. பக்கத்தை மீண்டும் ஏற்றினால் பழைய நிலை திரும்பும். எனவே தேர்வு மதிப்பெண், வங்கி இருப்பு, செய்தித் தலைப்பு போன்றவற்றின் திரைப்படிமத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது. நிரல் அறியாதவரும் சில நொடிகளில் அதனை மாற்றிப் படமெடுக்க இயலும். உரிய தளத்திற்கு நேரடியாகச் சென்று சரிபார்ப்பதே முறையாகும்.

முன்பின் அறியாதவர் தரும் நிரல்வரிகளை முனையத்தில் ஒட்டக் கூடாது. அவ்வரிகள் பயனரின் பெயரிலேயே இயங்குவதால் கணக்கு களவுபோகக் கூடும். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகியவை இதுபற்றி எச்சரிக்கை செய்கின்றன.

கல்வியில் பயன்

இக்கருவிகளுக்குக் கட்டணமோ தனி நிறுவலோ தேவையில்லை. வலைநுட்பம் பயிலும் மாணவர், தாம் நாள்தோறும் காணும் எந்தப் பக்கத்தையும் பாடநூலாகக் கொண்டு, அதன் ஒரு விதியை மாற்றி விளைவை அறியலாம். தமிழ்ப் பக்கம் ஒன்றில் பிழை காணும்போது, 'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்று மட்டும் எழுதாமல், பிழையுள்ள விதியையோ தலைப்பையோ சுட்டித் தளத்தாருக்குத் தெரிவித்தால், அதனைத் திருத்துவது அவர்களுக்கு எளிதாகும்.

இவற்றையும் பார்க்க

ஒருங்குறி
தமிழ் எழுத்துருக்கள்
மொசில்லா ஃபயர்ஃபாக்ஸ்
ஜாவாஸ்கிரிப்ட்