கப்பலில் போன காரும் அம்மாவின் டம்ளரும்

எங்கள் வீடு பூந்தமல்லியில், பெங்களூர் ரோட்டுக்குப் பக்கத்தில். மாடியில் துணி உலர்த்தப் போனால், புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிக்கொண்டு நசரத்பேட்டைப் பக்கமிருந்து டிரெய்லர் லாரிகள் வருவது தெரியும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வந்ததிலிருந்து இது பழகிப்போன காட்சி. என் கணவரும் பல வருஷம் துறைமுகத்தில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்து, ஏற்றுமதிக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை பார்த்தவர். அப்படிப்பட்ட வீட்டிலேயே ஒரு பொருளைப் பறிகொடுத்தோம் என்றால் நம்புவீர்களா?

என் தங்கை அமெரிக்காவில், நியூஜெர்சியில் இருக்கிறாள். 2018-இல் அவர்கள் ஒரு ஜெர்மன் கார் வாங்கினார்கள். அப்போதெல்லாம் வால்வோ, மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ. என்று பல கம்பெனிகள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தன. பணத்தை அமெரிக்காவில் கட்டிவிட்டு, ஐரோப்பாவுக்கே போய்க் காரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றலாம். சுற்றி முடித்து அங்கேயே ஒப்படைத்தால் கப்பலில் அனுப்பிவிடுவார்கள். (பி.எம்.டபிள்யூ. இதை 2020-இல் நிறுத்திவிட்டது. தங்கை வாங்கியது எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்.)

"அம்மா, நீயும் வா" என்று அவள் டிக்கெட் அனுப்ப, எழுபது வயசில் அம்மா புறப்பட்டாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கூடவே தன் எவர்சில்வர் டம்ளர். கல்யாணச் சீரில் வந்தது; அடியில் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். கண்ட பாத்திரத்தில் காபி குடித்தால் அம்மாவுக்கு இறங்காது!

ஜெர்மனியிலிருந்து சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், பிறகு சுவிட்சர்லாந்து. அப்போது ஆஸ்திரியாவில் நெடுஞ்சாலையில் போகக் கண்ணாடியில் ஒரு வில்லை ஒட்டினார்கள். பத்து நாளைக்கு ஒன்று. சுவிட்சர்லாந்தில் வருஷ வில்லை மட்டும்தான், 40 பிராங்க். "இரண்டு நாள் போறதுக்கு வருஷ வாடகையா?" என்று அம்மா கேட்டதோடு, தன் கணக்கு நோட்டிலும் அதை எழுதி வைத்துவிட்டாள்.

வழியெல்லாம் சின்னச் சின்னதாகச் சேர்த்தார்கள். கழுத்தில் கட்டுகிற மாட்டு மணி ஒன்று, ஊசிவேலை செய்த மேஜை விரிப்பு, இன் ஆற்றங்கரையில் அம்மா பொறுக்கிய கூழாங்கற்கள். கடைசி நாள் பெட்டியில் இடமில்லை. "காரே நம்முடையதுதானே, டிக்கியில் வெச்சா போச்சு" என்றாராம் தங்கை வீட்டுக்காரர்.

எதற்கும் கேட்போமென்று தங்கை இங்கே போன் செய்தாள். என் கணவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வேண்டாம்மா. கப்பலுக்குப் போற காரைப் பூட்டி வைக்க முடியாது. சாவி காரோடயே போகும். யார்டுல ஒருத்தன் ஓட்டுவான், கப்பல்ல ஏத்த ஒருத்தன், இறக்க ஒருத்தன். பத்து கை படும். நான் ஓட்டின காரெல்லாம் காலியாத்தான் இருக்கும், அதான் முறை."

அவள் சிரித்தாள். "மாமா மெட்ராஸ் துறைமுகத்தைச் சொல்றார். இது ஜெர்மனி!"

மணி, விரிப்பு, டம்ளர் மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, டிக்கியின் தரைவிரிப்புக்கு அடியில் வைத்துவிட்டார்கள். ஏழு வாரம் கழித்துக் கார் வந்தது. கீறல் இல்லை. பை மட்டும் இல்லை. புகார் எழுதினார்கள், கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே, உள்ளே விட்ட சொந்தப் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்ததாம். எந்தத் துறைமுகத்தில், எந்தக் கையில் போனதோ!

அமெரிக்கச் சுங்க இலாகாவும் இதையேதான் அறிவுறுத்துகிறது. காரைப் பெட்டி மாதிரி உபயோகிக்காதீர்கள்; திருட்டுப் போகும், பல கப்பல்காரர்கள் அந்தக் காரையே ஏற்க மாட்டார்கள், உள்ளே இருப்பதையெல்லாம் எழுதிக் காட்டவும் வேண்டும் என்கிறது. வெளிநாட்டு மண்ணோடு பூச்சி, கிருமி வந்துவிடும் என்பதால் காரின் அடிப்பாகத்தைக்கூடக் கழுவித்தான் அனுப்ப வேண்டும். நம் பிள்ளைகள் யாராவது அங்கிருந்து காரை இங்கே கொண்டுவர நினைத்தால் அது வேறு தலைவலி. இடது பக்க ஸ்டியரிங் உள்ள காரை இங்கே ஓட்ட இறக்குமதி செய்ய முடியாது.

கனமான சாமான்களைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். மனசுக்கு வேண்டியதைக் கைப்பையில் வையுங்கள். காரிலேயே தங்கக்கூடியவற்றை, அந்த வில்லையைப் போல, போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

டம்ளர் போன செய்தி கேட்டு அம்மா, "போனா போகுதுடி, கார் நல்லா வந்துதா?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு காபியைக் கண்ணாடி கிளாஸில்தான் குடித்தாள். நான் வாங்கிக் கொடுத்த புது டம்ளர் அலமாரியிலேயே இருந்தது. அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. 2021-இல் அம்மா போய்விட்டாள்.

அம்மா கைப்பையில் கொண்டுவந்தது மட்டும் என்னிடம் தங்கியது. கூழாங்கற்களைக் கழுவி உலர்த்தி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். கணக்கு நோட்டில் பில்களை ஒட்டும்போது ஒரு தப்புச் செய்தேன். இப்போதைய கடை பில்கள் சூட்டில் அச்சாகிறவை, நாளானால் வெளுத்துவிடும். பாதுகாக்கலாமென்று ஒன்றை லாமினேட் செய்யக் கொடுத்தேன், அந்தச் சூட்டில் முழுக்கக் கறுத்துப் போயிற்று! மற்றவற்றை ஜெராக்ஸ் எடுத்து, செல்லோ டேப் போடாமல் சாதாரணப் பசையால் ஒட்டினேன். டேப் பழுத்துக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

போன மாதம் தங்கை பேசினாள். அந்தக் காரை விற்கப் போகிறார்களாம். "அக்கா, கண்ணாடியில அந்த ஆஸ்திரியா வில்லை இன்னும் இருக்கு. ஹேர் டிரையர் காட்டி மெதுவா உரிச்சுப் பார்க்கிறேன். கிழிஞ்சாலும் அனுப்பட்டுமா?" என்றாள்.

அனுப்பு என்றேன். கைப்பையில் வைத்து, வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். நோட்டில் சால்ஸ்பர்க் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.