ஒரு பக்கம் மயில் நீலம்... மறுபக்கம் மஞ்சள்! கையாலேயே பின்னலாம் இரட்டை நிற மஃப்ளர்

டிசம்பர் 31 இரவு, திருத்தணி மலையில் திருப்படித் திருவிழா. 365 படிகளுக்கும் பூஜை, படிக்கொரு திருப்புகழ். கே.ஜி.கண்டிகையிலிருந்து அந்த மார்கழிப் பனியில் மலையேறுபவர்களுக்கு, கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர் இருந்தால் இதமாக இருக்கும். அதை நீங்களே பின்னிக்கொண்டால்?

பட்டுச்சேலையில் 'மயில்கழுத்து' நிறம் தெரியும்தானே? பாவு ஒரு நிறம், ஊடு வேறு நிறம். இரண்டும் கலந்து மின்னும். 'பிரியோஷ்' பின்னலிலும் இரண்டு நூல்கள்தான். ஆனால், கலக்காது. முன்பக்கம் நீலம் எடுப்பாகத் தெரிந்தால், பின்பக்கம் மஞ்சள். எந்தப் பக்கத்தையும் வெளியே காட்டலாம்.

ரகசியம் இதுதான்: ஒவ்வொரு வரிசையையும் இருமுறை பின்ன வேண்டும். முதலில் நீல நூலால் நீலக் கண்ணிகளை மட்டும் பின்னி, மஞ்சள் கண்ணிகளைப் பின்னாமல், மேலே ஒரு சுற்று நூல் போட்டு ஊசி மாற்ற வேண்டும். பிறகு துணியைத் திருப்பாமல், கண்ணிகளை ஊசியின் மறுமுனைக்குத் தள்ளி, மஞ்சள் நூலால் மஞ்சள் கண்ணிகளைப் பின்ன வேண்டும். இப்போது நீலத்துக்குச் சுற்று. அதன் பிறகே துணியைத் திருப்ப வேண்டும். அதனால் ஒருபக்கம் குமிழ் வைத்த ஊசி உதவாது. இருமுனை ஊசியோ, வயர் இணைத்த வட்ட ஊசியோ தேவை.

இலை டிசைன் வேண்டுமா? ஒரு கண்ணியை மூன்றாக்கினால் இலை விரியும். மூன்றை ஒன்றாக்கினால் குவியும். எப்போதும் இரண்டிரண்டாகவே கூட்டிக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிற வரிசை மாறிவிடும்.

பலர் பாதியில் கைவிடுவது, ஒரு கண்ணி நழுவும்போதுதான். கண்ணியோடு அதன் மேல்சுற்றும் அவிழ்ந்து, எது எந்த நூல் என்றே தெரியாது. அதற்குக் காப்பு நூல் போட்டுக்கொள்ளுங்கள். 20 வரிசைக்கு ஒருமுறை, இரண்டு நிறமும் பின்னி முடித்ததும், வேறு நிற மெல்லிய நூலைத் தையல் ஊசியால் எல்லாக் கண்ணிகள், மேல்சுற்றுகள் வழியாகவும் கோத்துவிடுங்கள். தவறினால் அதுவரை பிரித்தால் போதும். அதற்குக் கீழே உள்ள உழைப்பு பத்திரம்.

10 சென்டிமீட்டருக்கு 20 வரிசை வந்தால், படிக்கொரு வரிசையாக 365 வரிசையில் சுமார் 180 சென்டிமீட்டர் மஃப்ளர் தயார். கை போய்வருவது 730 முறை. தினமும் நான்கு வரிசை என்றால், மூன்றே மாதம். புரட்டாசித் தொடக்கத்தில் ஊசியைக் கையில் எடுத்தால், படித் திருவிழாவுக்குப் போட்டுக்கொண்டே போகலாம்!