புல்லைச் செரிப்பது யார்?

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் வட்டாரத்தில் மழை பொய்த்த கோடையில் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலங்கள் பழுப்பேறிக் கிடக்கும். கிளுவை வேலிக்குள் காய்ந்த கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், அவ்வளவுதான். அந்தச் சருகைத் தின்றே காங்கேயம் பசு சினை பிடிக்கிறது, கன்று ஈனுகிறது, காளை வண்டி இழுக்கிறது. இத்தனைக்கும் புல்லின் பெரும்பகுதியான செல்லுலோஸை உடைக்கும் நொதி எந்த மாட்டின் உடம்பிலும் சுரப்பதில்லை.

சோற்றிலுள்ள மாவுச்சத்தும் புல்லிலுள்ள செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸால் ஆனவைதான். அவை கோக்கப்பட்டிருக்கும் விதம் வேறு. அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு மாடு தன் வயிற்றிலேயே இடம் கொடுத்திருக்கிறது.

மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் அறையான பெருவயிறு இடது விலாப் பக்கம் முழுவதையும் அடைத்திருக்கும். உள்ளே ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ் வெப்பம். உயிர்வளி கிட்டத்தட்ட இல்லை. அங்கே ஒரு மில்லிலிட்டர் சாற்றில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். ஒருசெல் உயிரிகளும் பூஞ்சைகளும் தனி. காற்றுப் பட்டால் செத்துப்போகும் இந்தக் கூட்டத்தை ஆய்வகத்தில் வளர்ப்பதே நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹங்கேட், காற்று புகாமல் வளர்க்கும் முறையை உருவாக்கிய பிறகே பெருவயிற்றின் கதை தெளிவானது. 1966இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளம்.

மேயும்போது மாடு மென்று தின்பதில்லை. நாக்கால் புல்லைச் சுற்றி இழுத்து, அரைகுறையாகக் கடித்து விழுங்கிவிடும். பிறகு நிழலில் படுத்துக்கொண்டு அசைபோடும். நார்த்தீவனம் தின்னும் மாடு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை இதற்குச் செலவிடும். அசைபோடுவதால் நார் பொடியாகிறது, நுண்ணுயிர்கள் பற்றிக்கொள்ள இடம் கூடுகிறது. கூடவே ஏராளமான உமிழ்நீர் உள்ளே இறங்குகிறது. அதிலுள்ள சோடா உப்பு, பெருவயிற்றில் ஊறும் அமிலத்தைத் தணிக்கிறது. இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்கவைக்கும்போது அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என மூன்று அமிலங்கள் உண்டாகின்றன. பெருவயிற்றின் சுவர் இவற்றை நேரே இரத்தத்துக்கு உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ எழுபது சதவீதம் இப்படி வருவதுதான். அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. புரோப்பியோனிக்கிலிருந்து ஈரல் குளுக்கோஸ் செய்கிறது. மிஞ்சும் கரியமில வாயுவையும் மீத்தேனையும் மாடு ஏப்பமாக விட்டுவிடும்.

புரதம் வரும் வழி இன்னும் வியப்பானது. பெருகிய நுண்ணுயிர்கள் செரிமானச் சாற்றோடு நான்காம் அறைக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்குள்ள அமிலத்தில் மடிந்து, பிறகு செரிக்கின்றன. மேய்ச்சல் மாட்டின் புரதத்தில் பெரும்பங்கு இந்த நுண்ணுயிர்களின் உடல்தான்.

ஆகவே நுண்ணுயிருக்குத் தீனி போதாவிட்டால் மாட்டுக்கும் போதாது. அவை பெருக நைட்ரஜன் வேண்டும். முற்றிக் காய்ந்த புல்லில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், வயிறு நிறையத் தின்றாலும் நார் சரியாகச் செரிக்காமல் தங்கிவிடும். கொரங்காட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. புல் காய்ந்த காலத்தில் வெள்வேல மரத்தின் நெற்றுகள் அந்தப் புரதத்தைத் தருகின்றன. மாடும் ஆடும் தின்று போடும் சாணத்திலும் புழுக்கையிலும் விதை பரவி, புதுக் கன்றுகள் முளைக்கின்றன. ஆய்வகம் இல்லாத காலத்திலேயே புல்லையும் மரத்தையும் சேர்த்து வளர்த்த உழவர்களின் அறிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பெருவயிற்றின் நுண்ணுயிர்க் கூட்டத்துக்குத் தீவனத்தில் திடீர் மாற்றம் ஆகாது. பொங்கலிலும் கல்யாண வீடுகளிலும் மிஞ்சிய சோற்றை அன்போடு மாட்டுக்குக் கொட்டுகிறோம். மாவுச்சத்து மளமளவெனப் புளித்து லாக்டிக் அமிலம் பெருகும். சோற்றை அசைபோடத் தேவையில்லை. அதனால் உமிழ்நீரும் அவ்வளவாக ஊறாது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிய, அமிலம் இரத்தத்தில் ஏறும். வயிறு அசைவு நின்று மாடு படுத்துவிடும். ஓரிரு நாளில் உயிரே போகலாம். மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டுங்கள், போதும். தீவனத்தை மாற்றுவதானால் இரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு சிறுகச் சிறுக மாற்றுங்கள். மாடு தவறி நிறையத் தின்றுவிட்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.