ஏட்டின் மேல் விழும் ஒளி

பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தோர் பாடபேதங்களுக்குக் காரணங் கூறுமிடத்து, ஏடெழுதுவோர் பிழை, செல்லரிப்பு, எழுத்து மயக்கம் என்னும் மூன்றையே பெரும்பாலும் எடுத்துரைப்பர். நான்காவதாக ஒன்றைச் சேர்க்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அஃது ஏட்டைப் படமெடுப்பவர் விளக்கை வைக்கும் இடம்.

பண்டிதனுக்குக் கமராவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். மூல ஏட்டைக் கையிலெடுத்துப் படிப்போர் இன்று மிகச் சிலரே. அதன் படத்தைப் பார்த்துப் படிப்போரே பலர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது அங்கிருந்த ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. மூலம் அழிந்து படமே எஞ்சும் நாளில், அப்படம் பிழைபட்டதாயின் எதனைக் கொண்டு திருத்துவது?

ஏட்டில் எழுத்தென்பது மையன்று, பள்ளம். எழுத்தாணி கீறிய கோட்டிலே கரியும் இலைச்சாறும் தடவித் துடைத்த பின்னரே கறுப்பு அதில் தங்கும். மை தங்கிய ஏட்டைப் படமெடுத்தல் எளிது. இருபுறமும் சரிவாக விளக்கு வைத்து, இடையே வெண்டுணி கட்டி ஒளியை மென்மையாக்கினாற் போதும். மை தேய்ந்த ஏடும் மையே இடாத ஏடுமே தொல்லை தருவன.

சுவடிகள் வைக்கப்பட்டிருக்கும் பழைய வீட்டறைகளோ பெரும்பாலும் இருளடைந்தவை. என்னிடம் பயின்ற இளைஞரொருவர் அத்தகைய அறையொன்றில், ஏட்டிலிருந்து ஒரு சாணுக்குங் குறைந்த உயரத்திற் கமராவை நிறுத்திப் படமெடுத்தபோது அருகிருந்து பார்த்தேன். அவ்வளவு அண்மையில் இடர் ஒன்றன்மேலொன்றாய் வருகின்றது. எழுத்தின் அளவும் கமராவினுள் விழும் உருவின் அளவும் சமமாகும்போது, தொலைப்பொருளைப் படமெடுக்குங்கால் வந்து சேரும் ஒளியில் நாலிலொரு பங்கே உள்ளே சேரும். 35 மில்லிமீற்றர்க் கமராவில் வில்லைத் துவாரத்தை 8 என்னும் எண்ணில் வைத்தாலும், தெளிவு நிற்கும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே. ஏடோ வளைந்தது, நடு தெளிந்தால் விளிம்பு மங்கும். துவாரத்தைச் சுருக்கினால் ஆழம் கூடும், ஒளி இன்னுங் குறையும். நெடுநேரந் திறந்துவைத்தால் மேசை சற்று அதிர்ந்தாலும் எழுத்துக் குழம்பும்.

இதற்கு மருந்து பிளாஷ் விளக்கு. அண்மையிற் பிடித்தால் சிறு விளக்கே போதும். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். ஆயிரத்திலொரு பங்கு நொடியளவில் அது மின்னி மறைவதால் அசைவு பதிய நேரமில்லை. இவ்வாற்றலை வில்லியம் ஹென்றி ரல்போட் என்னும் ஆங்கிலேயர் 1851இலேயே இலண்டனிற் காட்டினார். சுழலும் வட்டமொன்றிற் பத்திரிகைத் தாளை ஒட்டி, மின்பொறியின் வெளிச்சத்தில் அதனைப் படமெடுத்தார். அவ்வொளி முதன்முதற் பிடித்தது முகத்தையன்று, அச்செழுத்தை என்பது எம்மனோர்க்கு உவப்பான செய்தி. பின்னர், மகனீசியங் கலந்த வெளிச்சப்பொடி 1887இற் செருமனியில் தோன்றியது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றியதும் அவ்வாண்டே. ஏடும் அவ்வொளியும் ஒரே மேசையிற் சந்திக்க நெடுங்காலமாயிற்று.

இனி, விளக்கை எங்கே பிடிப்பது? கமராவின் தலையிற் பொருத்தினால் வில்லையின் நிழலே ஏட்டில் விழும். புல்லெண்ணெய் பூசிய ஏடு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடிக்கும். பள்ளத்தினுள்ளும் ஒளி நேரே நிறைந்து எழுத்து மறைந்துவிடும். ஆகவே அவ்விளைஞர் விளக்கைக் கழற்றி, ஏட்டின் இடப்புறத்தே, அதன் முகத்தைத் தடவுவதுபோலத் தாழப் பிடித்தார். பள்ளத்தின் ஒரு கரை நிழலுற்றது. ஒன்றுமில்லையென எண்ணியிருந்த ஏட்டில் வரி வரியாக எழுத்தெழுந்தது. அக்காட்சியைக் கண்ட மகிழ்ச்சி சொல்லுந் தரத்ததன்று.

ஆயினும் ஓரிடத்தில் எனக்கு ஐயம் பிறந்தது. “தம்பி, இந்தப் பகரத்தின் அடிக்கோடு எங்கே?” என்றேன்.

“ஏட்டில் இருக்கிறது ஐயா, படத்தில் இல்லை” என்றார்.

காரணம் எளிது. இடப்புறத்து ஒளிக்குக் குறுக்கே நிற்குங் கோடுகள் நிழல் கொள்ளும். அவ்வொளியின் வழியே கிடக்குங் கோடு கொள்ளாது. அடிக்கோடு போனாற் பகரம் இரண்டு தூண்களாகும். பழைய ஏட்டிலோ பெரும்பாலும் புள்ளியில்லை. எகர ஏகார வேறுபாடில்லை. காலும் ரகரமும் ஒரு வடிவின. அங்கே ஒரு கோடு மறையின், படிப்பவர் இல்லாத சொல்லொன்றைப் படைத்து, அதற்கு உரையும் எழுதிவிடுவார்!

மேற்புறத்திலிருந்து ஒளி பாய்ச்சினால் அடிக்கோடு மீளும். ஆனால் ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுவன. அவையும் நிழல் கொண்டு, எழுத்தாணி கீறாத கோடுகளாய் நிற்கும். ஓரொளி உள்ளதை மறைக்கின்றது. மற்றையது இல்லதைக் காட்டுகின்றது. கமராவையும் ஏட்டையும் அசைக்காமல் இரண்டு படமும் எடுத்து ஒப்புநோக்குவதே வழி. பல திசை ஒளியில் எடுத்த படங்களைக் கணினியால் இணைத்து, வேண்டிய பக்கத்திலிருந்து ஒளி வருவதாகக் காட்டும் முறையொன்றை ரொம் மல்ஸ்பென்டர் என்பாரும் அவர் துணைவரும் 2001இல் வெளியிட்டனர். அரிய முறைதான், எனினும் ஒவ்வோர் ஏட்டிற்கும் பற்பல படம் வேண்டும். கட்டுக்கட்டாய் ஏடு குவிந்திருக்க, அவற்றைச் செல் அரித்துக்கொண்டிருக்க, அதுவரை பொறுப்பார் யார்? ஏட்டிற்கு இரண்டு படம் என்பதே எம்மால் இயலக்கூடியது.

படத்தைத் தலைகீழாய்ப் பார்த்தாற் பள்ளம் மேடாய்த் தோன்றும் மயக்கமும் ஒன்றுண்டு. ஒளி மேலிருந்தே வருமெனக் கண் பழகியிருப்பதால் வருவது அது. ஆதலின் ஏட்டின் பக்கத்தே சிறு தாளொன்றில், ஒளி வந்த திசையை அம்புக்குறியாற் காட்டிப் படமெடுக்க வேண்டுமென அவரிடஞ் சொன்னேன். அடுத்த கிழமை அவர் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் அவ்வம்புக்குறி இருந்தது.