மேத்தா என்பது சாதியா?

மேத்தா என்றதும் ‘குஜராத்தி சேட்டு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். குஜராத்திக் கடைகளில் கணக்கு எழுதுபவரை மேத்தாஜி என்பார்கள், நம்மூர்க் கணக்குப்பிள்ளைதான். தொழிலால் வந்த பெயர், ஆகவே பலரிடமும் உண்டு. 1890-ல் காங்கிரஸ் தலைவரான பெரோஸ்ஷா மேத்தா பார்சி. பக்திக் கவிஞர் நர்சி மேத்தா நாகர் பிராமணர். சமணரிலும் மேத்தாக்கள் ஏராளம்.

ஹன்சா மேத்தா கதையைக் கேளுங்கள். பரோடா திவான் மனுபாய் மேத்தாவின் மகள். மணந்தது டாக்டர் ஜீவராஜ் மேத்தாவை. பெயர் மாறவேயில்லை! ஒரே குலம் என்றுதானே நினைப்போம்? பெண் நாகர் பிராமணர், மாப்பிள்ளை வணிகர். சாதிக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அம்மையார் அசையவில்லை. 1948 மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்றிருந்ததை ‘எல்லா மனிதர்களும்’ என மாற்றவைத்தவர் இவர்தான். கணவர் 1960-ல் குஜராத்தின் முதல் முதலமைச்சரானார்.

நம் கவிஞர் மு. மேத்தா இந்த வரிசையில் சேரமாட்டார். அவருக்கு அது இட்ட பெயர், குடும்பப்பெயர் அல்ல.